எதை அடிக்கணும்னு சொல்லுங்க

கோலிக்குண்டு ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டே, ஞாபகம் இருக்கிறதா? நம் வயசு ஆட்களைத்தான் கேட்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே 'ம்' கொட்டும். குண்டுகளையெல்லாம் உருட்டிவிட்ட பிறகு, அடிக்கிறவன் தன் இஷ்டத்துக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்து அடித்துவிட முடியாது. எதிராளி கை காட்ட வேண்டும். "அந்தா, அந்தப் பச்சையை அடி" என்பான். அதை மட்டும்தான் அடிக்க வேண்டும். வேறு குண்டில் பட்டால் ஆட்டம் போச்சு. எதிராளி எதைக் காட்டுவான்? எது படவே படாதோ அதைத்தான். தூரத்தில், கல்லுக்குப் பின்னால், பள்ளத்தில் கிடப்பதைத்தான் காட்டுவான்.

பொம்பளைப் பிள்ளைக்குக் கோலிச் சட்டம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் அத்தை மகனோடு வளர்ந்தவள். அவன் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோனதால் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தான். பின்னால் அவனையே எனக்குக் கட்டியும் வைத்துவிட்டார்கள். இப்போது மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷன். இதை எழுதுவது தெரிந்தால், "அதெல்லாம் எதுக்குடி இப்ப?" என்பார். அவர் எழுந்து காப்பி கேட்பதற்குள் முடிக்க வேண்டும்.

சீனாக்காரன் சண்டை வந்த வருஷம் அது. எங்கள் ஊர் இலுப்பூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவில் இருக்கிறது. அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி உண்டு, ஆனால் அது முக்கிய வேலை இல்லை. முன்னால் நிற்கிற படைக்கும் பின்னால் இருக்கிற ஆபீசருக்கும் நடுவே டெலிபோன் கம்பி இழுப்பதும், அறுந்தால் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வருவதும்தான் அவர் வேலை. "நம்ம கரண்ட் ஆபீசு லைன்மேன் மாதிரிதாங்க" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆபத்தில்லாத உத்தியோகம் என்று நம்பித்தான் மதினி வீட்டில் பெண் கொடுத்தார்கள். ஆனி மாசம் கல்யாணம். மதினிக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ. என்னைவிட ஏழெட்டு வயசு மூப்பு, அவ்வளவுதான்.

அண்ணனோடு கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, வாயெல்லாம் பல். காலில் முள் குத்தினாலும் சிரிப்பார். சிரிப்புக்காரர் என்றே நாங்கள் பேர் வைத்துவிட்டோம். மதினியின் குழிப்பணியாரத்தை ஈடு ஈடாக உள்ளே தள்ளிவிட்டு, "அண்ணி, பட்டாளத்துல ரொட்டியைக் கடிச்சுக் கடிச்சு என் பல்லு முன்னால வந்துருச்சு பாருங்க" என்பார். மதினி புதுப்பெண் என்பதையும் மறந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வாசலில் அத்தை மகனோடு கோலி ஆடினார். இவன் எந்தக் குண்டைக் காட்டினாலும் அடித்தார். ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். கண்மாய்க்கரை வரைக்கும் போய்த் திரும்பிய அவரை எங்கள் ஊர் இளவட்டம் ஒருத்தன்கூட நெருங்கவில்லை.

வீட்டில் ஒரு வேப்பமர மேசை இருந்தது. அண்ணன் படிப்பதற்காக அப்பா இலுப்பூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. ஒரு கால் குட்டை, அதற்கு அடியில் ஓட்டாஞ்சில்லு முட்டுக் கொடுத்திருக்கும். அந்த மேசையில்தான் அண்ணன் எங்களுக்குச் சண்டை ஆட்டம் போட்டுக் காட்டினார். சாக்பீசால் ஒரு ஆறு. பட்டாளத்துக் கம்பளியைச் சுருட்டி வைத்தால் மலை. நாங்கள் பார்த்த மலையெல்லாம் நார்த்தாமலைதான், வெயிலில் கால் வைத்தால் தோல் உரியும் மொட்டைப் பாறை. "இது பனி மலைடா, குளிர்ல மூக்கு கழண்டுரும்" என்று அண்ணன் சொன்னபோது, இலவம்பஞ்சை அதன்மேல் தூவிக்கொண்டோம். நம் ஆள் புளியங்கொட்டை. எதிரிக்குக் கோலிக்குண்டு. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து விரலால் சுண்ட வேண்டும். பட்டு மேசையை விட்டுக் கீழே விழுந்தால் கொட்டை செத்தது.

தீப்பெட்டிதான் ஆபீசர் இருக்கிற இடம். அதிலிருந்து மலை வரைக்கும் மதினியின் தையல் நூலை இழுத்துவிட்டால் டெலிபோன் கம்பி. குண்டு உருண்டு நூல் விலகினால் கம்பி அறுந்தது என்று அர்த்தம். ஒரு கொட்டை வெட்டவெளிக்கு வந்து நூலைச் சேர்க்க வேண்டும்.

அத்தை மகன் அப்போதே விவகாரம் பிடித்தவன். "அத்தான், நெசச் சண்டையில மொதல்ல யாரைச் சுடுவாங்க?" என்றான்.

அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். "கம்பி போடுறவனைத்தான்டா. அவன் போயிட்டா முன்னால நிக்கிறவனுக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல. அதனால அங்கிட்டு இருக்கவன் அவனைத்தான் தேடித் தேடிக் குறி பாப்பான்."

அடுப்படியில் அம்மி அரைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிப்புக்காரர் குரலை உயர்த்தி, "அண்ணி, இவரு பெரிய வீரர்னு காட்டிக்கிடுறதுக்காகப் புளுகுறாரு. அங்க எங்களுக்குச் சீட்டாடுறதுக்கே நேரம் பத்தலை" என்றார். அம்மிச் சத்தம் மறுபடி கேட்டது, ஆனால் மெதுவாக.

லீவு முடிந்து இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அண்ணனும் அவர் கைக்குக் கீழே இருந்த நாலு பேரும் கூடாரத்துக்கு முன்னால் நிற்கிற போட்டோ ஒன்று சுவரில் தொங்கியது. மதினிக்குப் பொழுது போகவேண்டும், எங்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வேறு வேலை இல்லை. ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கி, போட்டோவைப் பார்த்து மையால் முகம் வரைந்தோம். தலைப்பாக்காரர், மீசைக்காரர், கண்ணாடிக்காரர், வாய் அகன்ற சிரிப்புக்காரர். அண்ணன் கொட்டையை மதினிதான் வரைந்தது. வரைந்துவிட்டு யாருக்கும் காட்டாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தது.

ஐப்பசி அடைமழையோடு சண்டைச் செய்தியும் வந்தது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஆண்கள் ஈரத்தலையோடு நின்றார்கள். அப்பா வந்து, "நம்ம ஆளுக பின்னுக்கு வந்துட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போய்விடுவார். பின்னுக்கு என்றால் எங்கே, யார் யார், என்ன ஆனார்கள், அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அண்ணனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. தபால்காரர் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வருவார், நாங்கள் ஏமாறக்கூடாது என்று. ஆத்தா, எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்போம், கருப்பர் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக் கும்பிட்டு நெற்றியெல்லாம் திருநீறாகத் திரிந்தாள். மதினிக்கு அப்படி வெளியில் காட்ட வழியில்லை. மாமியார் வீட்டில் அழுதால் அபசகுனம், அழாவிட்டால் கல் நெஞ்சுக்காரி. அந்த வீட்டில் அது நிற்க, உட்கார இருந்த ஒரே இடம் அந்த மேசைதான்.

ஆகவே ஆடினோம். எதிரி யார்? அத்தை மகன். அவனுக்குக் குறி தப்பாது. முதல் சுண்டலிலேயே அண்ணன் கொட்டையைத் தூக்கிவிடுவான். "அத்தானே சொன்னாகல்ல, கம்பிக்காரனைத்தான் மொதல்ல அடிக்கணும்னு?" என்பான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மண்டையில் குட்டியிருக்கிறேன். குட்டினால் சட்டம் மாறிவிடுமா?

மதினி சண்டை போடவில்லை. சட்டம் போட்டது.

"இஷ்டத்துக்குக் குறி பாக்கக்கூடாது தம்பி. எது ஒனக்குக் கிட்டத்துல இருக்கோ அதைத்தான் அடிக்கணும்" என்றது முதலில். அவன் சரி என்று சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றி வந்து அண்ணன் கொட்டை கிட்டத்தில் வருகிற மூலையில் உட்கார்ந்துகொண்டான். தீப்பெட்டிக்குப் பின்னால் இருப்பதை அடிக்கக்கூடாது என்று அடுத்த சட்டம். அவன் நூலைக் கலைத்தான். நூல் கலைந்தால் கம்பிக்காரன் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? வந்தார், விழுந்தார். "அஞ்சு பேருக்குமே கம்பி வேலை தெரியும். யாரு வேணாலும் வரலாம்" என்று மதினி இன்னொரு சட்டம் போட்டது. அப்போதும் அவன் அண்ணனைத்தான் தேடி அடித்தான். தீப்பெட்டி ஓரமாகக் கொட்டையின் விளிம்பு துளி தெரிந்தாலும் போதும் அவனுக்கு.

ஒவ்வொரு தரமும் கொட்டை தரையில் விழுந்து தெறிக்கும். மதினி குனிந்து தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி மேசையில் வைக்கும். கொட்டைதானே, மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒருநாள், வாசலில் பையன்கள் கோலி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினி, முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தது. "தம்பி, கோலிச் சட்டம்தான் இனிமே. எதை அடிக்கணும்னு நான்தான் சொல்லுவேன். நீ அதை மட்டும்தான் அடிக்கணும்."

அத்தை மகன் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தான். கோலிச் சட்டத்தை மறுத்துப் பேச எந்தப் பையனுக்கும் வாய் வராது. "சரிக்கா" என்றான்.

அன்றையிலிருந்து அவன் குண்டை விரலில் வைத்துக்கொண்டு, "எதை அடிக்கணும்னு சொல்லுங்க" என்பான். மதினி மேசையைக் குனிந்து பார்க்கும், கண்ணைச் சுருக்கும், யோசிக்கும். எது படாதோ அதைச் சொல்லும். கம்பளி மடிப்புக்குள் இருக்கிற மீசைக்காரர். ஆற்றுக்கு அப்பால் கண்ணாடிக்காரர். பெரும்பாலும் சிரிப்புக்காரரைத்தான் சொல்லும். அவரைத் தூரக் கோடியில், பஞ்சுக்கு நடுவில், தீப்பெட்டி மறைவில் வைத்திருப்போம். "அவரை அடிச்சுருவியா நீ? ஓடிருவாருல்ல!" என்று மதினி சிரிக்கும். குண்டு எங்கோ போய்ச் சுவரில் முட்டும். யாரும் சாகவில்லை. தினம் விளையாடினோம், ஐந்து பேரும் மேசைமேலேயே இருந்தார்கள். மதினி அந்த நாட்களில்தான் கொஞ்சம் சோறு தின்றது. சாப்பிடும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியதுகூட உண்டு.

ஆத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. "புருசன் எங்க கெடக்கான், என்ன ஆனான்னு தெரியல. இவளுக்கு ஆட்டம் கேக்குது" என்று அப்பாவிடம் பொருமுவாள். அப்பா ரேடியோச் செய்திக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு நாள். அத்தை மகன் குண்டை வைத்துக்கொண்டு கேட்டான். மதினி வழக்கம்போல, "சிரிப்புக்காரரை அடி" என்றது. அவன் சுண்டினான். மழை ஈரத்தில் குட்டைக் காலுக்கு அடியில் இருந்த ஓட்டாஞ்சில்லு சரிந்திருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கோ போகவேண்டிய குண்டு சரிவில் திரும்பி, கம்பளியை உரசி, பஞ்சுக்குள் நுழைந்து போனது. சிரிப்புக்காரர் கீழே விழுந்தார்.

மதினி அந்த நொடியில் என்ன நினைத்ததோ, அண்ணன் கொட்டையைச் சட்டென்று எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டது. அத்தை மகன் குதித்தான். "செத்தான்! செத்தான்! கம்பிக்காரன் செத்தான்!"

அதைக் கேட்டுக்கொண்டுதான் ஆத்தா உள்ளே வந்தாள்.

அவள் போட்ட கூப்பாட்டுக்குத் தெருவே கூடிவிட்டது. "ஏண்டி, எம் பிள்ளையை மேசையில வச்சுச் சாகடிச்சா வெளையாடுற? நீ நல்லா இருப்பியா?" முறத்தால் மேசையை வழித்தாள், கீழே கிடந்த கொட்டையையும் விடவில்லை. பஞ்சு, நூல், தீப்பெட்டி, கொட்டைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் கொட்டினாள். புளியங்கொட்டை நெருப்பில் வெடிக்கிற சத்தம் உங்களுக்குத் தெரியும். வறுத்துத் தின்றவர்கள்தானே நாமெல்லாம். அன்றைக்கு அது நாலு தரம் வெடித்தது. மதினி சுவரோரம் கையை மூடியபடியே நின்றது. அண்ணனைக் காப்பாற்றுவதற்குத்தான் அந்த ஆட்டமே என்று ஆத்தாவிடம் யார் போய்ச் சொல்வது? பத்து வயசில் எனக்கே அது வார்த்தையாக வரவில்லை.

பொங்கலுக்கு அப்புறம் கடிதம் வந்தது. அண்ணன் சுகம். பங்குனியில் ஆளே வந்துவிட்டார். கை, கால், கண், மூக்கு எல்லாம் இருந்தது. ஆத்தா ஆலம் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "எம் பிள்ளை முழுசா வந்துட்டான், முழுசா வந்துட்டான்" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னாள். அண்ணன் பேசவே இல்லை. களைப்பு என்றார்கள். குளிர் தேசத்திலிருந்து வந்தவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அப்பா இளநீர் வெட்டி வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் வெறும் மேசையைத் தடவிக்கொண்டு நின்றார். "என்ன புள்ள, இப்ப ஆட்டம் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். முகம் வரைந்தது, சட்டங்கள், இவன் தேடித் தேடி அடித்தது. "கடைசியா மதினி ஒரு சட்டம் போட்டுச்சுண்ணே. அடிக்கிறவன் குறி பாக்கக்கூடாது. எதைன்னு நம்மதான் சொல்லணும். அப்புறம் நீங்க சாகவே இல்ல."

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. "யாரைச் சொல்லுவ?" என்றார்.

மதினி தயங்கியது. "பெரும்பாலும் சிரிப்புக்காரரைத்தாங்க. அவருமேல படாதுன்னு…"

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அங்கயும் அப்புடித்தான் புள்ள நடந்துச்சு" என்றார். "கம்பி அறுந்துருச்சு. ஒருத்தன் போகணும். யாரை அனுப்புறன்னு ஆபீசர் கேட்டாரு. நான்தான் சொல்லணும். நான் போனா மத்தவனுகளை நடத்த ஆள் இல்ல, நான் போகக்கூடாதுன்னுட்டாரு. நாலு பேரும் என் மூஞ்சியவே பாக்குறானுக. இவன்தான் மெலிசு. இவன்தான் வேகமா ஓடுவான். எவன் சுட்டாலும் இவன்மேல படாதுன்னு நெனச்சேன். அவனைக் கை காட்டுனேன். சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டுனான். 'வாரேண்ணே'ன்னுட்டு ஓடுனான்."

அத்தை மகன் கையில் இருந்த புத்தகப் பையை மெதுவாகக் கீழே வைத்தான். நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெரியவர்களைக் கூப்பிடலாமா? கூப்பிட்டு என்ன சொல்வது? மதினி அவர் முதுகில் கையை வைத்தது, பயந்து பயந்து, சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. வெளியே ஆத்தா யாரிடமோ, "முழுசா வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கருப்பருக்குக் கிடா வெட்டு. பிள்ளை நல்லபடி திரும்பினால் வெட்டுவதாக அப்பா வேண்டியிருந்தார். பட்டியில் மூன்று கிடாக் குட்டிகள் நின்றன. பங்காளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள். அப்பா அண்ணனைத் தோளைத் தொட்டு முன்னால் தள்ளி, "ஒனக்குத்தான்ப்பா நேத்திக்கடன். எதைன்னு நீயே கை காட்டு" என்றார்.

அண்ணன் நின்றார்.

"காட்டுப்பா. நேரமாகுதுல்ல?"

அண்ணன் கை இரண்டையும் அக்குளில் கட்டிக்கொண்டு நின்றார். பங்காளிகளில் ஒருத்தர், "என்னப்பா, சீனாக்காரனையே பாத்தவன் ஆட்டுக்குப் பயப்படுறியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மதினி பெண்கள் கூட்டத்திலிருந்து ஓரடி முன்னால் வந்து, "மாமா, அவுகளுக்கு ஒடம்பு சரியில்லைங்க. நீங்களே பாத்து…" என்றது. ஆத்தா அதன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஆம்பளைக பேசுற எடத்துல ஒனக்கென்னடி?"

அப்போது ஒரு குட்டி, கருப்பில் வெள்ளைக் காது, தானாகவே நடந்து வந்து அண்ணன் கைலியை மோந்தது. தழை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்திருக்கும். அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார், அதை விரட்டத்தான். அது அந்தக் கையை நக்கியது.

"பாத்தீகளா, அதுவே வந்துருச்சு!" என்றார் அப்பா.

மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆடு உடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டினால்தான் சம்மதம் என்று அர்த்தம், அது வரைக்கும் வெட்ட மாட்டார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆட்டாதே, ஆட்டாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் தலையை ஆட்டாது? ஆட்டியது. கூட்டம் குலவை போட்டது.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தார், அப்புறம் ஓடினார். போன வருஷம் சிரிப்புக்காரர் பந்தயம் ஓடிய அதே பாதை. "சாமி எறங்கிருச்சு போல" என்றார்கள் சிலர்.

சாயங்காலம் பந்தியில் மதினி அண்ணன் இலையில் சோறும் ரசமும் மட்டும் வைத்தது. "புருசனுக்குக் கறி வைக்கத் துப்பில்ல, இவளைக் கட்டி வச்சேன் பாரு" என்று ஆத்தா பத்துப் பேர் காதுபட ஏசினாள். மதினி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

லீவு முடிந்து கிளம்புகிற காலையில், டிரங்குப் பெட்டியைத் தூக்கிய அண்ணன் அத்தை மகனைக் கூப்பிட்டார். "டேய், அந்தச் சட்டத்துல ஒண்ணு சேத்துக்க. எதைன்னு கேட்டா, சொல்லாமயும் இருக்கலாம்னு."

அத்தை மகன் பொய் சொல்லியிருக்கலாம். பாவம், அவனுக்கும் பன்னிரண்டு வயசுதான். "நீங்க சொல்லாட்டி அடிக்கிறவன் அவன் இஷ்டத்துக்கு அடிப்பான்ல அத்தான்?" என்றான்.

"ஆமால்ல" என்றார் அண்ணன். அவன் தலையைத் தடவிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அப்புறம் நாங்கள் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை. அண்ணன் இன்னும் சில வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்த்தார். சிவகங்கைப் பக்கம் சிரிப்புக்காரர் வீட்டைத் தேடி ஒரு தடவை போனார். அந்தக் கிடா வெட்டுக்குப் பிறகு அவர் எதையும் கை காட்டி நான் பார்த்ததில்லை. சந்தையில் மாடு வாங்கப் போனால் மதினிதான், "அந்தச் செவலைங்க" என்று சொல்லும். ஜவுளிக்கடையில், "எந்தக் கரை வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டால் மதினி முகத்தைப் பார்ப்பார். மூத்த மகளுக்கு வந்த மூன்று ஜாதகத்தையும் மதினிதான் பார்த்து முடிவு செய்தது. பொண்டாட்டி சேலையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியிறவன் என்று ஊர் சிரித்தது. புருசனை அடக்கி வச்சிருக்கா மகராசி என்று மதினிக்கும் பேர் வந்தது. ஆத்தா சாகிற வரைக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மதினி ஒருநாளும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்குத்தான் நாலு பேர் நடுவில் நின்று கத்த வேண்டும் போல இருக்கும். அண்ணன் கண்ணைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும்.

கடைசிக் காலத்தில் அவருக்கு மூச்சு முட்டல் வந்தது. புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். நானும் உள்ளே இருந்தேன். சின்ன வயசு டாக்டர், நல்ல பிள்ளை. "எங்க வலிக்குது அய்யா? விரலை வச்சுக் காட்டுங்க" என்றார்.

அண்ணன் மடியில் இருந்த கையை எடுக்கவில்லை. மதினியைப் பார்த்தார்.

"அவரே காட்டட்டும்மா" என்றார் டாக்டர்.

"காட்ட மாட்டாகங்க" என்றது மதினி. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. "இங்கதாங்க. கல்யாணம் ஆன மறு வருசத்துலேருந்து."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.